ஸ்கேனில் கழுத்து சுத்தம் என்று வந்தும் கழுத்தை ஏன் வெட்ட வேண்டும் என்கிறார்கள்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். அக்கரைப்பற்றில் இருக்கும் உங்கள் வாப்பா அறுபது கடந்தவர், வயல்காரர், வெற்றிலையும் புகையிலையும் இளவயதுப் பழக்கம். நாக்கின் இடப்பக்க ஓரத்தில் ஆறாத புண், பயொப்சியில், அதாவது புண்ணில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்ததில், ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் அதன் ஆழம் 7 மில்லிமீற்றர். டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தபோது கட்டி எதுவும் கைக்குப் படவில்லை. அல்ட்ரா சவுண்டில் 'ரியாக்டிவ் கணுக்கள்' என்று எழுதியிருக்கிறார்கள், பிறகு எடுத்த சி.ரி. ஸ்கேனில் 'இடப்பக்கம் இரண்டாம் மட்டத்தில் 9 மில்லிமீற்றர் கணு, உறுதியாகச் சொல்ல முடியாது' என்று இருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணரோ நாக்குப் புண்ணோடு சேர்த்துக் கழுத்தையும் திறந்து கணுக்களை எடுக்க வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவர் கொழும்புப் பக்கம் போய் பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெளிவாகும் என்கிறார், இன்னொருவர் கழுத்தில் ஊசி குத்தவே விடாதே, பரவிவிடும் என்கிறார், வாப்பா பெரும்போக அறுவடை முடியட்டும் என்கிறார்.

நீங்கள் கேள்வியாக எழுதியது 'பெட் ஸ்கேன் எடுக்கலாமா' என்பதை. ஆனால் வாசிக்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லும் இடத்தை டொக்டர் ஏன் வெட்டப் பார்க்கிறார், நம்மை ஏமாற்றுகிறாரா, அல்லது ஸ்கேன் பொய் சொல்கிறதா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் நீண்ட காலம் ஸ்கேன் படங்களை வாசித்து ரிப்போர்ட் எழுதி வந்தவன், வெட்டுகிறவன் அல்ல. உங்கள் வாப்பாவின் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் அந்த 9 மில்லிமீற்றர் கணுவில் என்ன இருக்கிறது என்று இங்கே இருந்துகொண்டு சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள்.

உடம்பில் ஏறக்குறைய 800 நிணநீர்க் கணுக்கள் உண்டென்றால் அதில் 300 அளவு கழுத்திலேயே இருக்கின்றன. வாய், நாக்கு, தொண்டை, மூக்கு எல்லாவற்றிலிருந்தும் வடியும் நிணநீர் இவற்றின் ஊடாகத்தான் போகிறது. நாம் நெறி கட்டியிருக்கிறது என்று சொல்வது இவை வீங்கும்போதுதான். கழுத்தை மட்டம் மட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறோம். நாடிக்கும் கீழ்த்தாடைக்கும் அடியில் முதலாவது, தாடை மூலைக்குக் கீழே பெரிய இரத்தக்குழாயை ஒட்டி இரண்டாவது, அதற்குக் கீழே மூன்றாவது, காறை எலும்பு வரை நான்காவது, பின்பக்கம் ஐந்தாவது, முன்நடுவில் ஆறாவது. நாக்கு ஓரத்துப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதல் மூன்று மட்டங்களுக்குத்தான் போகும், எப்போதாவது இடையில் உள்ளதைத் தாண்டி நான்காவதுக்கும் போவதுண்டு. ஆகவே அந்த ரிப்போர்ட்டில் 'இரண்டாம் மட்டம்' என்ற சொல் முக்கியமானது. இதே 9 மில்லிமீற்றர் கணு ஐந்தாம் மட்டத்தில் மட்டும் தனியாக இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். நாக்குப் புண்ணின் அதே பக்கத்தில், அது வடியும் முதல் வழியில் இருப்பதால்தான் அதை எழுதியவர் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்று விட்டிருக்கிறார்.

இனி இரண்டு ரிப்போர்ட்டும் ஏன் வேறு வேறாகப் பேசுகின்றன என்ற விஷயம். உண்மையில் அவை முரண்படவில்லை. அல்ட்ரா சவுண்டில் நாம் பார்ப்பது கணுவின் வடிவமும் உள்ளமைப்பும். நல்ல கணு அவரை விதை மாதிரி நீண்டிருக்கும், நடுவில் கொழுப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும், இரத்தம் அந்த நடுவழியாகத்தான் உள்ளே போகும். புற்றுநோய் ஏறிய கணு உருண்டை ஆகும், அந்த நடுக்கொழுப்பு அழிந்துபோகும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளரில் பார்த்தால் அது ஓரத்தால் ஓடும், சிலவேளை உள்ளே அழுகித் தண்ணீர் கட்டியிருக்கும். இவை தெரியாதபோது 'ரியாக்டிவ்' என்று எழுதுகிறோம். அதாவது ஏதோ ஓர் எரிச்சலுக்கு எதிர்வினையாக வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். நம் பக்கத்து வெற்றிலைக்காரர்களின் வாயில் அதற்குக் காரணமா இல்லை! சொத்தைப் பல், வீங்கிய ஈறு, புண்ணில் ஏறிய கிருமி, ஏன், பயொப்சி எடுத்த காயமே போதும் கணு வீங்க. ஆனால் ரியாக்டிவ் என்ற சொல் 'புற்றுநோய் இல்லை' என்ற சான்றிதழ் ஆகாது. கணுவின் ஒரு மூலையில் கொஞ்சம் செல்கள் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தால் வடிவம் மாறாது, நடுக்கொழுப்பும் அழியாது, அப்போது எந்த மெஷினும் அதை நல்ல கணு என்றுதான் காட்டும்.

சி.ரி.யில் அளவுதான் பெரிதாகப் பேசப்படும். பொதுவாகக் கணுவின் குறுகிய குறுக்களவு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகம், இரண்டாம் மட்டத்தில் மட்டும் 11 என்று கொஞ்சம் இளக்கம் கொடுப்போம், காரணம் அந்த இடத்துக் கணு நல்ல ஆளுக்கும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும், சின்ன வயதிலிருந்து தொண்டை நோவு எல்லாம் அதைத்தான் வீங்க வைத்திருக்கிறது. இந்த 10, 11 என்பவை ஒரு பேரம் பேசி வைத்த கோடுகள். கோட்டை 7க்கு இறக்கினால் தப்பிப்போகும் புற்றுநோய் குறையும், ஆனால் ஒன்றுமில்லாதவர்களையும் பிடித்துவிடுவோம். மேலே ஏற்றினால் நேர்மாறு. அதனால் 9 என்ற எண்ணைப் பார்த்து 'பத்துக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்' என்று ஆறுதல் அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நான் அளவை விட அதிகம் நம்புவது வேறு அடையாளங்களை. கணுவின் நடுப்பகுதி இறந்து கருப்பாகத் தெரிந்தால், அது வாய்ப் புற்றுநோய் உள்ளவரின் கழுத்தில், அளவு சின்னதாக இருந்தாலும் கிட்டத்தட்ட உறுதி. கணுவின் ஓரம் கலைந்து சுற்றியுள்ள கொழுப்புக்குள் இழுபட்டிருந்தால் அதுவும் கெட்ட சகுனம். புண்ணின் வடிகால் பக்கத்தில் மூன்று நான்கு நடுத்தரக் கணுக்கள் கூட்டமாக நின்றாலும் யோசிப்போம். உங்கள் ரிப்போர்ட்டில் இவை எதுவும் எழுதப்படவில்லை என்றுதான் நீங்கள் அனுப்பியதிலிருந்து தெரிகிறது.

ஒரு சின்ன விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட்டின் தலைப்பிலோ முதல் பந்தியிலோ கொன்ட்ராஸ்ட் ஊசி, அதாவது இரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து, போட்டு எடுத்தது என்று இருக்க வேண்டும். ஊசி போடாமல் எடுத்த கழுத்து சி.ரி. கணுக்களைப் பார்க்க அரைவாசிப் பயன்கூடத் தராது, எது இரத்தக்குழாய் எது கணு என்றே சிலவேளை பிரிக்க முடியாது. பல்லில் பழைய உலோக அடைப்பு இருந்தால் படம் முழுக்கக் கோடு கோடாக விழுந்து தாடைக்குக் கீழே உள்ள முதல் மட்டம் மறைந்துவிடும், அதையும் நல்ல ரிப்போர்ட்டில் சொல்லியிருப்பார்கள்.

சரி, இப்போது உங்கள் மனதில் கிடக்கும் கேள்விக்கு வருகிறேன். கையால் தடவி ஒன்றும் படாத கழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே உண்மையில் புற்றுநோய் இருந்தவர்களில் எத்தனை பேரை ஸ்கேன் பிடித்தது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2012இல் வந்தது. சி.ரி. 52 சதவீதம். எம்.ஆர்.ஐ. 65. அல்ட்ரா சவுண்ட் 66. பெட் 66. அதாவது மிகவும் நல்ல மெஷினும் மூன்றில் ஒருவரைத் தவறவிட்டது. இது ரிப்போர்ட் எழுதுகிறவரின் கவனக்குறைவால் வருவதல்ல. 2 மில்லிமீற்றருக்கும் குறைந்த புற்றுநோய்த் துளிகள் கணுவுக்குள் இருக்கலாம், அவை நுண்ணோக்கியில் தெரியும், ஸ்கேனில் தெரியாது. வாப்பாவுக்கு விளக்க வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள்: மேல் வயலில் களை பூத்து விதை கொட்டிவிட்டது, வாய்க்கால் தண்ணீர் கீழ் வயலுக்குப் போகிறது, கீழ் வயலில் இன்றைக்கு ஒரு களையும் தெரியவில்லை என்பதால் விதை வரவில்லை என்று எந்த வயல்காரரும் சொல்ல மாட்டார்.

அதனால்தான் கழுத்தை எடுப்பதா இல்லையா என்ற முடிவு ஸ்கேனிலிருந்து வருவதை விட, நாக்கிலிருந்துதான் வருகிறது. புண் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதிலிருந்து. மறைந்திருக்கும் பரவலுக்கான வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால் கழுத்துக்கும் சிகிச்சை செய்வது நல்லது என்று 1994இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் போட்டார்கள், அந்த 20ஐத்தான் இன்றைக்கும் பலர் மனதில் வைத்திருக்கிறார்கள். அது பழைய கணக்கு, அதில் விவாதத்துக்கு இடமுண்டு. ஆனால் விவாதத்தைப் பெரும்பாலும் அடக்கிய ஒன்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. கையால் தடவினால் கணு படாத, ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய்க்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாய்ப் புண்ணோடு சேர்த்துக் கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள், மறுபாதிக்கு வாய்ப் புண்ணை மட்டும் எடுத்துவிட்டு, கழுத்தில் ஏதாவது வந்தால் அப்போது எடுப்போம் என்று காத்திருந்தார்கள். டொக்டர் டி'குருஸ் தலைமையிலான அந்தக் குழு 2015இல் முதல் 500 பேரின் முடிவை வெளியிட்டது. மூன்று வருடத்தின் பின் உயிரோடிருந்தவர்கள் முதல் பாதியில் 80 சதவீதம், காத்திருந்த பாதியில் 67.5 சதவீதம். நோய் திரும்ப வராமல் இருந்தவர்கள் 69.5க்கு எதிராக 45.9. இவ்வளவு பெரிய இடைவெளி இந்தத் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. காத்திருந்தவர்களை ஒழுங்காகக் கிளினிக்குக்கு வரவழைத்துப் பார்த்தும், சிலருக்கு அல்ட்ரா சவுண்டும் செய்தும்கூட இதுதான் நிலை. எனக்கு அந்த ஆய்வு பிடித்த காரணம், அதில் இருந்தவர்கள் நம் ஆட்களைப் போலப் பாக்கும் புகையிலையும் சாப்பிட்டு வாய் கெட்டவர்கள், மேற்கு நாட்டுச் சிகரெட், மதுக் கதையை இங்கே பொருத்தும் வேலை இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. மிகவும் மேலோட்டமான புண்ணுக்கு, 3 மில்லிமீற்றர் ஆழத்துக்கு உட்பட்டவைக்கு, அதே ஆய்வில் அந்த நன்மை தெளிவாகத் தெரியவில்லை. பொதுவான வழிகாட்டல்கள் 3 அல்லது 4 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் கழுத்தை எடுக்கச் சொல்கின்றன, 2க்குக் கீழே அரிதாகவே, நடுவில் கிடப்பது டொக்டரின் தீர்ப்பு. உங்கள் வாப்பாவுக்கு 7. எம்.ஆர்.ஐ. ஆழத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் பழக்கமுடையது, ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கழித்துப் பார்த்தாலும் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே அந்த 9 மில்லிமீற்றர் கணுவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் டொக்டர் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் உங்களை ஏமாற்றவில்லை.

அப்படியானால் இவ்வளவு ஸ்கேன் எதற்கு என்று கேட்பீர்கள். வெட்டுவதா என்பதைத் தீர்மானிப்பதை விட எவ்வளவு வெட்டுவது என்பதற்குத்தான் அவை அதிகம் உதவுகின்றன. மூன்றாம் மட்டத்தோடு நிறுத்தலாமா, நான்கு, ஐந்து வரை போக வேண்டுமா, வலப்பக்கத்தையும் தொட வேண்டுமா, கணு ஏதாவது பெரிய இரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா, நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா. கழுத்து சி.ரி.யோடு நெஞ்சையும் எடுத்தார்களா என்று பாருங்கள், எடுக்காவிட்டால் அதைக் கேளுங்கள், பெட் ஸ்கேனை விட அது உங்களுக்கு இப்போது அவசியம்.

பெட் ஸ்கேன் விஷயம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் அது இருக்கிறது, தனியாரிடமும் விசாரிக்கலாம். சீனி மாதிரியான ஒரு பொருளில் கதிரியக்கம் ஏற்றி நரம்பில் போடுகிறார்கள், சீனியை அதிகம் உண்ணும் செல்கள் படத்தில் ஒளிர்கின்றன. அந்தக் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், சேமித்து வைக்க முடியாது, அதனால் நாள் குறித்து வரிசையில்தான் செய்ய முடியும். இந்த நிலையில் உங்கள் வாப்பாவுக்கு அதனால் பெரிய பலன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்தவை அதில் பெரும்பாலும் தெரியாது, நடுப்பகுதி இறந்துபோன கணுவும் சிலவேளை ஒளிராமல் இருந்து ஏமாற்றும், இன்னொரு பக்கம் சொத்தைப் பல்லால் வீங்கிய கணு நன்றாக ஒளிர்ந்து பயமுறுத்தும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் படமே தெளிவில்லாமல் போகும். இதே மாதிரி, தடவினால் ஒன்றும் படாத கழுத்துகளை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. கண்ணால் பார்த்து பெட் 'சுத்தம்' என்று சொன்ன கழுத்துகளில் 87 சதவீதம் உண்மையில் சுத்தமாக இருந்தன. அதைப் பெரிய வெற்றியாக வாசிக்கிறவர்களும் உண்டு, அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சத்திரசிகிச்சைத் திட்டமே பெட்டால் மாறியது என்பதும் உண்மை. நான் வாசிப்பது மிச்சம் 13ஐ. உங்கள் வாப்பா அந்தப் பதின்மூன்றில் ஒருவராக இருந்தால் என்ன செய்வது? பெட் சுத்தம் என்று வந்தாலும் டொக்டர் கழுத்தை எடுக்கவே சொல்வார், ஒளிர்ந்தாலும் எடுக்கவே சொல்வார். முடிவை மாற்றாத பரிசோதனைக்காக ஒரு வரிசையில் நிற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பெட் வீண் என்று நான் சொன்னதாக எங்கும் எழுதிவிடாதீர்கள். கழுத்தில் கட்டி இருந்தும் மூலப் புண் எங்கே என்று தெரியாதவர்களுக்கு, நோய் முற்றி உடம்பில் வேறெங்கும் போயிருக்குமா என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு அது உண்மையில் உதவும். கதிர்ச் சிகிச்சையும் புற்றுநோய் மருந்தும் (கீமோ) சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். முன்பு அவர்களில் பலருக்கு, மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கழுத்தைத் திறப்பது வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் 564 பேரை வைத்துச் செய்து 2016இல் வந்த ஆய்வு, சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் பெட் எடுத்து, தேவைப்பட்டவர்களை மட்டும் வெட்டினால் போதும், உயிர் காப்பதில் குறைவில்லை என்று காட்டியது. அது வேறு சூழ்நிலை.

ஊசிப் பயம். மெல்லிய ஊசியால் கணுவிலிருந்து கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பதால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது, உலகம் முழுக்க அன்றாடம் செய்யும் பரிசோதனை இது. அல்ட்ரா சவுண்டில் பார்த்துக்கொண்டே குத்தினால் 9 மில்லிமீற்றர் கணுவையும் பிடிக்கலாம், இருந்தாலும் குத்துகிறவரின் கை பழகியிருக்க வேண்டும், எடுத்த செல்கள் போதாது என்று முடிவு திரும்பி வருவதும் உண்டு. அதில் புற்றுநோய் என்று வந்தால் கிட்டத்தட்ட முழுமையாக நம்பலாம். இல்லை என்று வந்தால் அவ்வளவு நம்ப முடியாது, ஊசி படாத மூலையில் இருக்கலாம், பக்கத்துக் கணுவில் இருக்கலாம். ஆக உங்கள் வாப்பாவுக்கு ஊசியால் வரக்கூடிய பயன் ஒன்றுதான்: புற்றுநோய் என்று வந்தால் வெட்டும் எல்லையை நான்காம் மட்டம் வரை நீட்டலாம் என்று டொக்டர் நினைக்கலாம். வேண்டாம், எப்படியும் நான்கு வரை போகத்தான் போகிறேன் என்று அவர் சொன்னால் ஊசியையும் விட்டுவிடலாம்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. கழுத்தில் கட்டி என்று வருபவருக்கு வாயைத் திறந்து பார்க்காமலே சின்ன வெட்டுப் போட்டு அந்த ஒரு கணுவை மட்டும் பிடுங்கி எடுத்து அனுப்பும் வேலை. நம் பக்கம் இன்னும் நடக்கிறது. பாக்கு சாப்பிட்டு வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழையாதவர்களுக்கு நாக்கின் பின்பக்கம் பார்ப்பது கஷ்டம்தான், ஆனால் பார்க்காமல் கழுத்தில் கத்தி வைத்தால் பிறகு செய்ய வேண்டிய பெரிய சத்திரசிகிச்சையின் தளம் குழம்பிவிடும். காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் இப்படிச் செய்வார்கள், நம் நாட்டில் காசநோய்க் கணுவும் நடுவில் அழுகித்தான் தெரியும் என்பதால் அந்தச் சந்தேகம் பிழை இல்லை, ஆனால் அதற்கும் முதலில் மெல்லிய ஊசிதான். உங்கள் வாப்பா விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

கழுத்தைத் திறப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தோளைத் தூக்கும் நரம்பு அந்த இரண்டாம் மட்டத்துக் கணுக்களுக்கு நடுவால் ஓடுகிறது. அதை வெட்டாமல் காப்பாற்றினாலும் இழுபடுவதால் கொஞ்ச காலம் கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கஷ்டப்படுவார், வயல்காரருக்கு இது சின்ன விஷயமில்லை, அதனால் தோள் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று வாட்டிலேயே கேட்டு வையுங்கள். கீழுதட்டின் ஒரு மூலை சிலருக்குச் சற்றுக் கோணும், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பி வரும். காதுச்சோணையும் கழுத்துத் தோலும் விறைத்திருக்கும். இந்த விலையைக் குறைக்கத்தான் முதல் வடிகால் கணுவை மட்டும் கதிரியக்கச் சாயத்தால் கண்டுபிடித்து எடுத்து, அதில் நோய் இருந்தால் மட்டும் மற்றதை எடுக்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் அது கழுத்து முழுக்க எடுப்பதற்குக் குறைந்ததில்லை என்று காட்டியிருக்கின்றன. அதற்கு அணுமருத்துவ வசதியும் அதில் பழகிய குழுவும் கணுவை மெல்லிய துண்டுகளாக அறுத்துப் பார்க்கும் ஆய்வுகூடமும் வேண்டும். உங்கள் டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காக இருக்கும் திகதியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

திகதி என்றதும் அறுவடை விஷயம். 2020இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சத்திரசிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு ஆபத்து 6 முதல் 8 சதவீதம் அளவு கூடுவதாகக் கண்டார்கள், தலை, கழுத்துப் புற்றுநோயும் அதில் அடங்கும். அது நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்த கணக்கு, ஆகவே எண்ணைக் கல்லில் எழுதியதாக எடுக்க வேண்டாம், திசை மட்டும் சந்தேகமில்லாதது. தை கடந்து மாசி, பங்குனி என்று அறுவடை இழுத்துக்கொண்டு போகும், பிறகு நெல் விற்க வேண்டும், பிறகு ஒரு கலியாணம் வரும். நாக்கிலே உள்ள புண் இதற்கெல்லாம் நிற்காது. அதோடு, ஸ்கேன் எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டால் டொக்டர் புதிதாக எடுக்கச் சொல்லலாம், அப்போது திரும்பவும் வரிசை. வயலை இந்த முறை யாராவது மச்சானிடமோ பக்கத்து வயல்காரரிடமோ கொடுத்துவிடச் சொல்லுங்கள். வாப்பா உங்கள் சொல்லைக் கேட்காவிட்டால் அவருடைய நானாவையோ பள்ளிவாசல் ஹஸ்ரத்தையோ வைத்துக் கதையுங்கள், இப்படியானவர்களுக்கு டொக்டர் சொல்வதைவிட அது ஏறும்.

கிளினிக்குக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள், சி.ரி.யின் சீ.டி.யையும் கொண்டு போங்கள், சத்திரசிகிச்சை செய்பவர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். எந்த மட்டம் வரை எடுக்கப் போகிறீர்கள், ஒரு பக்கமா இரண்டு பக்கமா, அந்த 9 மில்லிமீற்றர் கணு அதற்குள் அடங்குமா, நெஞ்சு ஸ்கேன் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இந்த நான்கையும் கேட்டாலே நீங்கள் விஷயம் தெரிந்த ஆள் என்று அவருக்கு விளங்கும், அவரும் மனம் திறந்து கதைப்பார். கூட்டாக இருந்து முடிவெடுக்கும் கிளினிக்கில் வைத்தார்களா என்றும் கேட்கலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருப்பதால் எதற்கெடுத்தாலும் மகரகமவுக்கு ஓட வேண்டும் என்றில்லை. மறுபடி கொன்ட்ராஸ்ட் ஊசி போட நேர்ந்தால் சிறுநீரக இரத்தப் பரிசோதனை முடிவையும், சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறார் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கழுத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பது எடுத்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் பதோலொஜி ரிப்போர்ட்டில்தான் தெரியும், அதை வாங்கி வாசியுங்கள். மொத்தம் எத்தனை கணு எண்ணினார்கள் என்று இருக்கும், 18 அல்லது அதற்கு மேல் என்றால் போதுமான அளவு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் எத்தனையில் நோய், கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்ற இரண்டும் மிக முக்கியம். உறை தாண்டியிருந்தால், அல்லது நாக்கில் வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தால், கதிர்ச் சிகிச்சையோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்த இரண்டு ஆய்வுகளிலிருந்து நிலைபெற்ற வழக்கம். உறை தாண்டியதை ஸ்கேனில் முன்கூட்டியே சொல்ல நாங்களும் முயல்கிறோம், ஆனால் அதில் எங்கள் கணிப்பு அவ்வளவு நம்பத்தக்கதல்ல. கதிர்ச் சிகிச்சை தேவையென்று வந்தால் அது சத்திரசிகிச்சையிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், கெட்டுப்போன பற்களை அதற்கு முன்பே பிடுங்கிக் காயமும் ஆறியிருக்க வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஆகவே பல் டொக்டரை இந்தக் கிழமையே பார்த்து விடுங்கள்.